ராஜா உக்காந்தா சுருதி இறங்கும்

ராஜா குமாரவிடங்கருக்கு ரெண்டு குரலு. சாப்பாட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுப் பாடுவாரு, கிளி மாதிரி "கீஈஈ"ன்னு. சாப்பிட்டுட்டு வந்தாருன்னா நிக்க முடியாது. பலகையில தொப்புன்னு உக்காந்து பாடுவாரு, எருமை மாதிரி "ங்ஓஓ"ன்னு.

கூட வாசிக்கிறது தையல்முத்து. அவங்களோட பெரிய யாழுக்கு ஆட்டு நரம்புதான் தந்தி. இழுத்தா ஜவ்வு மாதிரி வரும். சுருதி இறக்கணும்னா முறுக்காணியத் திருகணும், திருகணும், திருகிக்கிட்டே இருக்கணும். அதுக்குள்ள ராஜா தூங்கிப்போவாரு.

ஆயுதசாலைத் தலைவர் அதிவீரமுத்துவுக்கு தையல்முத்துவோட வேலையத் தன் மச்சானுக்கு வாங்கிக் குடுக்க ஆசை. தலைவரு ஊசி மாதிரி ஒல்லி, குரலும் ஊசிதான்.

"ராஜா, ஒரு இரும்பு விசை பூட்டித் தர்றேன். தட்டினதும் சுருதி இறங்கணும். இறங்கலேன்னா யாழு அடுப்புக்கு, இந்த அம்மா ஊருக்கு."

பூட்டினாரு. தட்டினாரு. விசை நெல்லளவு நகந்துச்சு. இரும்புத் தந்தின்னா அதுக்கே இறங்கிடும். ஆட்டு நரம்பு அசையவே இல்ல. அது அவருக்கு முன்னாடியே தெரியும்.

"நாளைக்கு வரைக்கும் பாப்பேன்"ன்னுட்டாரு ராஜா.

தையல்முத்து விகடக்காரன் பொன்னுரங்கத்துக்கிட்ட ஓடினாங்க.

"நரம்பு எவ்வளவு தளரணும் தாயி?"

"ஒரு சாண் தளரணும்யா. சட்டுன்னு."

"அதுக்குப் பெரிய கனம் வேணுமே. கவலைய விடு, அரண்மனையிலேயே ஒண்ணு இருக்கு."

மறுநாள் ராஜா நின்னு பாடினாரு. யாழு கிளியோட சேந்து கீச்சுன்னுச்சு. அப்புறம் பந்தி. பன்னெண்டு அதிரசம், ஒரு அண்டா பாயசம். ஆடி ஆடி வந்து பலகையில தொப்பு. தையல்முத்து நரம்பை மீட்டுறாங்க, "ங்ஓஓம்".

"யாரு விசையத் தட்டினது?"

"நீங்கதான் ராஜா"ன்னான் பொன்னுரங்கம்.

"நான் எதையும் தொடலையே."

"தொடல. உக்காந்தீங்க. பலகைக்கு அடியில கிணத்து ஏத்தக் கழி மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன். மறுமுனையில ஒரு பெரிய கல்லும் நரம்பும் கட்டியிருக்கு. நீங்க இறங்கினா அது ஒரு சாண் தளரும். எந்திரிச்சா கல்லு இழுத்துப் பழையபடி நிறுத்திடும்."

அதிவீரமுத்து பாஞ்சு வந்தாரு. "பொய்யி. நான் உக்காந்து பாக்குறேன்."

ராஜாவக் கைத்தாங்கலா எழுப்பிட்டு இவரு உக்காந்தாரு. தையல்முத்து மீட்டினா யாழு "கீச்"சுன்னுச்சு. குதிச்சும் பாத்தாரு. "கீச்."

"ஐயாவுக்கு இன்னும் நாலு பந்தி போடணும்"ன்னான் பொன்னுரங்கம்.

சபையே சிரிச்சுது. ராஜா மட்டும் மோவாயத் தடவினாரு. "அது சரி. என்னைக்காவது நான் பட்டினி கிடந்தா?"

"அன்னைக்கு உங்க குரலே இறங்காதே ராஜா. யாழு எதுக்கு இறங்கணும்?"

ராஜா மறுபடி தொப்புன்னு உக்காந்து வயிறு குலுங்கச் சிரிச்சாரு. பலகை குலுங்குச்சு. தையல்முத்து நரம்பத் தட்டிவிட்டாங்க. யாழும் "ங்ஓ ங்ஓ ங்ஓ"ன்னு கூடவே சிரிச்சுது.