பாவாத்தாளின் ஒரே வரி

எங்கள் ஊர்க் கவியரங்கத்தில் கவிச்சுடர் குழந்தைவேலனாரின் தலைமையுரை இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. கவிதை படிக்க வந்த பதினோரு பேரும், பாவம், தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்கு டீ கொண்டுவந்த பாவாத்தாள் டம்ளரை நீட்டியபடியே, "என் பேரும் லிஸ்டுல இருக்குதுங்க. எப்பங்க கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

தலைவருக்குச் சுருக்கென்றது. "டீக்காரம்மாவுக்குக் கவிதையா? சரி, ஒரே வரி சொல்லு. சபை மொத்தமும் எழுந்து நின்னு கைதட்டணும். இல்லேன்னா உன் பேரை அடிச்சிருவேன்!" என்று மைக்கை நீட்டினார்.

பாவாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தலைவர் தம் உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறார்!"

நாற்காலிகள் சரிய, சபையே எழுந்தது. கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன.

"இதெல்லாம் ஒரு கவிதையா?" என்று தலைவர் கத்தினார்.

சபை ஒரே குரலில் கத்தியது: "ஒன்ஸ் மோர்!"