செல்வி புராணத்தின் கல்யாணப் பத்திரிகை

சிறுகுன்றாபுரத்தில் வெயிலுமுத்து, மாடக்கண்ணு, இசக்கியப்பன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். சொன்ன சொல்லை இம்மியும் பிசகாமல் செய்வார்கள். ஊருக்கு அதுதான் பயம். ஒரே தங்கச்சி பூரணத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகி, டவுனில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள்.

அச்சகக்காரர் ஞானதிரவியம், பிழை பார்ப்பதற்காக அடித்த ப்ரூஃப் தாளை நீட்டினார். "வீட்டுல வெச்சு நிதானமாப் பாருங்க. நாலு கண்ணு பார்த்தா நல்லது. கீழே இருந்து மேலே படிச்சா தப்பு சுலபமாச் சிக்கும். சிக்கினா சிவப்பு மையில வட்டம் போட்டுக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல்.

"நாலு கண்ணுன்னாரு. நம்மகிட்ட ஆறு இருக்கே" என்றான் மாடக்கண்ணு.

"ஒருத்தன் வெளியே போயிரலாம்" என்றான் இசக்கியப்பன்.

"கூடப் பிறந்தவ கல்யாணத்துல ஒருத்தனை ஒதுக்குறது தர்மமா?" என்றான் மூத்தவன் வெயிலுமுத்து.

வெகுநேரம் யோசித்து, தம்பிகள் இருவரும் ஆளுக்கு ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். நாலு கண் ஆகிவிட்டது.

அடுத்து, கீழே இருந்து மேலே படிக்க வேண்டும். அந்த வீட்டில் மேலே என்று இருந்தது மின்விசிறிதான். அதன் இறக்கையில் ப்ரூஃபை ஒட்டிவிட்டு மூவரும் தரையில் மல்லாந்து படுத்தார்கள். பாதி படிப்பதற்குள், போயிருந்த கரண்ட் வந்துவிட்டது. ப்ரூஃப் சுற்றியது. இவர்களும் எழுந்து அதன் பின்னாலேயே சுற்றினார்கள். தம்பிகள் நெற்றியோடு நெற்றி மோதி உட்கார்ந்தார்கள்.

சத்தம் கேட்டு வந்த பூரணம் விசிறியை நிறுத்தி, தாளைப் பிரித்தெடுத்துப் படித்தாள். முகம் வாடிவிட்டது.

"அண்ணே, மணமகள் செல்வி புராணம்னு போட்டிருக்கு."

"புராணமும் சாமி சம்பந்தப்பட்டதுதானேம்மா" என்றான் இசக்கியப்பன், நெற்றியைத் தடவிக்கொண்டே.

"என் பேரு பூரணம்ணே. கல்யாணம் எனக்குத்தானே?"

அதில் நியாயம் இருப்பதாக மூவருக்கும் பட்டது. வெயிலுமுத்து அவள் பெயரைச் சுற்றி அழகாகச் சிவப்பு வட்டம் போட்டான்.

"திருத்திடுறேன்" என்றார் ஞானதிரவியம், அச்சகத்தில் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு. "அடிச்சு வந்ததும் இந்த ப்ரூஃபோட ஒப்பிட்டுப் பார்த்துக்கிடுங்க."

ஐநூறு பத்திரிகை வந்தது. பெயர் சரியாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மாடக்கண்ணு பெருமூச்சு விட்டான். "பேரு வந்துட்டு. வட்டத்தை விட்டுட்டாங்க."

மூவரும் உட்கார்ந்து ஐநூறு வட்டம் போட்டு, ஊரெங்கும் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை தளவாயின் அப்பா கொம்பையா, ஐந்து பெரியவர்களோடு கடுகடுவென்று வந்து இறங்கினார். கல்யாணம் நின்றது என்றே நினைத்து, பூரணம் கதவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொம்பையா பத்திரிகையை விரித்தார். "பொண்ணு பேரைச் சுத்தி வட்டம் போட்டிருக்கு."

"ஆமா, மாமா."

"எங்க பையன் பேரைச் சுத்தி ஏன் இல்ல? நாங்க ஊருக்குள்ள தலைகாட்ட வேண்டாமா?"

வெயிலுமுத்து மன்னிப்புக் கேட்டான். வீடு வீடாகப் போய் ஐநூறையும் திரும்ப வாங்கி வந்தார்கள். இரண்டு வீட்டாரும் பேனாவோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை வீட்டு வட்டம் கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார் கொம்பையா.

பெரிதாகப் போட்டதில் வட்டம் தாளுக்குள் அடங்கவில்லை. மீதியைத் தரையில் போட்டார்கள். மறுபடி பத்திரிகை வாங்கியவர்களெல்லாம் தங்கள் வட்டத்தின் மறுபாதியைப் பார்க்க, முகூர்த்தத்தன்று கல்யாண மண்டபத்தை விட்டுவிட்டு நேரே பெண் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.