மரங்கொத்தி கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில் ஆசாரிமார் கையில் இரும்பு கிடையாது. மனிதரோடு பறவையும் பேசிற்று, பிராணியும் பேசிற்று, வெட்டிப் போட்ட மரமும் பேசிற்று. அதனால் மரச்சிலை செய்யும் சடையன் ஆசாரியின் கூடத்தில், சுவரில் மாட்டிவைக்க ஒரு கருவியும் இல்லை. கருவிகளெல்லாம் காலையில் தாமே வந்து, மாலையில் சாப்பிட்டுவிட்டுப் போயின. பிடித்து இழுக்க நண்டு. அராவ உடும்பின் சொரசொரத்த முதுகு. சாயம் பூச அணிலின் வால். செதுக்குவதற்கு மரங்கொத்தி.

செதுக்குவதில் ஒரு வழக்கம் இருந்தது. மரங்கொத்தி முதலில் மரத்தைத் தட்டி, "இன்னும் எடுக்கட்டுமா?" என்று கேட்கும். மரம் எடு என்றால் எடுக்கும். போதும் என்றால், ஆசாரியே வந்து கெஞ்சினாலும் ஒரு சில்லுகூட எடுக்காது. தன்னைப்போல் முறை தெரிந்தவர் ஊரில் இல்லை என்று அதற்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஒருநாள் பவளக்கொடி வந்து நின்றாள். அவள் புருஷன் நல்லான் ஓடக்காரன். வெள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. அவனுடைய முகத்தை மரத்தில் செய்து தரவேண்டும் என்றாள்.

"சீக்கிரம் செய்யணும், ஆசாரியாரே. அவர் முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. நேத்து புருவம் நினைவுல இருந்துச்சு. இன்னைக்கு இல்லை."

கூடத்தில் உலர்ந்த கட்டை ஏதும் இல்லை. காய்ந்த மரத்தில்தான் கைவைப்பது என்ற பிடிவாதத்தை ஆசாரி அவளுக்காக விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு வெட்டிய வேங்கை மரம் ஈரத்தோடு வந்து இறங்கிற்று.

அங்கேதான் குழப்பம் தொடங்கியது. மரங்கொத்தி தட்டிக் கேட்டால், ஈரமரம் தான் வெட்டுப்பட்டதே தெரியாமல் மழை வருமா என்று விசாரித்தது. நெற்றியை எடுக்கட்டுமா என்றால், என் கிளைகளை யார் வைத்திருக்கிறார்கள் என்றது. இது எடு என்பதா, போதும் என்பதா? மரங்கொத்தி தலையைச் சொறிந்துகொண்டது. ஆசாரியும் உதட்டைப் பிதுக்கினார். பவளக்கொடியைக் கேட்டால், கன்னம் ஒட்டியிருக்கும் என்று காலையில் சொன்னவள், உப்பியிருக்கும் என்று மாலையில் சொன்னாள். பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை.

எப்படியோ கண் வந்தது, மூக்கு வந்தது. வாயும் வந்தது. வாய் வந்ததும் மரத்தின் பேச்சு அதன் வழியாகவே வரத் தொடங்கியது. மரம் முதல்முறையாகத் தெளிவாகச் சொன்னது: "போதும்."

அந்த நேரம் பார்த்து ஆசாரி சாயத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போயிருந்தார். பவளக்கொடி முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உடைந்து அழுதாள்.

"இது அவர் இல்லை. இன்னும் ஒரே ஒரு கொத்து, ராசா. வாய்கிட்ட. நாளைக்குன்னா எனக்கு இதுவும் தெரியாமப் போயிரும்."

மரங்கொத்தி மரத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. முறை மரத்தின் பக்கம் இருந்தது. மனசு அவள் பக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொத்திவிட்டது.

உதடு இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போயின. மரங்கொத்தி பதறிப்போய்த் தட்டிக் கேட்டது. பதில் இல்லை. ஆசாரி வந்து காதை வைத்துக் கேட்டார். அப்போதும் இல்லை.

பவளக்கொடி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பத்தான் அவரு. என்ன கேட்டாலும் இப்படித்தான் வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பார், ஆசாரியாரே." அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் சந்தோஷம் தெரு முழுக்கக் கேட்டது.

மரங்கொத்திக்கோ ஒன்றும் விளங்கவில்லை. செய்தது சரியென்றால் மரம் ஏன் பேசவில்லை? தப்பென்றால் அவள் ஏன் சிரித்தாள்? நண்டைக் கேட்டது, சரிதான் என்றது நண்டு. உடும்பு தப்பு என்றது. என்னை வம்பில் இழுக்காதே என்று அணில் ஓடிவிட்டது. சரி, மரத்தையே கேட்போம் என்று அடுத்த கட்டையைத் தட்டியது. அதுவும் வாய் திறக்கவில்லை. ஒரு மரம் சொன்ன சொல்லை மரங்கொத்தி மதிக்காத செய்தி அதற்குள் எல்லா மரத்துக்கும் போய்விட்டிருந்தது.

மரம் பேசாத கூடத்தில் தனக்கென்ன வேலை என்று மரங்கொத்தி காட்டுக்குப் பறந்தது. ஆசாரி சில நாள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு கொல்லனிடம் போய் அதன் அலகைப்போல ஓர் இரும்பை அடித்து வாங்கி வந்தார். அந்த இரும்பு அவர் சொன்னதைச் செய்தது. எதையும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் ஆசாரிமார் கையில் உளி வந்தது. மரங்கொத்தியோ மரம் மரமாகப் போய்த் தட்டுகிறது, தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறது, பதில் வராமல் மறுபடியும் தட்டுகிறது.