ஓடை தாண்டிய கூடம்

வாகைக்குறிச்சியை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் தென்கரை, அந்தப் பக்கம் வடகரை. ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் ஓடும். அந்த முழங்கால் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் போட்ட சண்டை இருக்கிறதே, கடல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

அந்த ஊருக்கு மரத்தால் ஒரு பொதுக்கூடம் கட்டித்தர வந்தவள் இசக்கியம்மாள். கட்டடக்கலை படித்தவள், முப்பதைத் தாண்டிக் கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்தவர் தென்கரை உச்சிமாகாளி. அவருக்கு அறுபதுக்கு மேல். ஆமாம், சரியாகத்தான் சொல்கிறேன், இங்கே சிஷ்யனுக்குத்தான் நரை. ஆயுசு முழுக்க சிமென்ட் வேலை எடுத்துச் செய்த மனிதர். "வீட்டுல சும்மா இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும் தாயி" என்று ஒரு காலையில் உளியோடு வந்து நின்றார். அவளும் சரி என்றாள்.

மரத்தை இரண்டு கரையும் கொடுத்தது. தூணுக்கு வடகரை வரப்பில் நின்ற தேக்கு. உத்தரத்துக்குத் தென்கரையில் காற்றில் சாய்ந்து கிடந்த வேம்பு. கூடத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஒரு மரத்தையும் இசக்கி தொடவிடவில்லை. புறம்போக்கு இடம் தென்கரையில் இருந்ததால் கூடம் அங்கே எழும்பியது.

ஒருநாள் உச்சிமாகாளி கேட்டார்.

"தாயி, ஆணி எங்க?"

"கிடையாது அண்ணாச்சி."

"போல்ட்டு?"

"அதுவும் கிடையாது. பொருத்துல மரமுளை அடிச்சாப் போதும்."

"தூணு பூமிக்குள்ள இறங்கலையே. கல்லு மேல சும்மால்லா நிக்குது?"

"நிக்குதுல்லா?"

"நிக்குது. எதை நம்பி நிக்குதுன்னு கேக்கேன்."

"காபி ஆறுது. குடிங்க."

காபியைக் குடித்தார். மனசு ஆறவில்லை.

இசக்கி ஓடு பார்க்கத் தென்காசிக்குப் போன அன்று, மனிதர் தன் பழைய வேலையைக் காட்டிவிட்டார். ஒவ்வொரு தூணின் காலையும் சுற்றிக் கான்கிரீட் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடி, மண்தரையோடு தரையாக மெழுகிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஐப்பசிக் காற்றில் கூடம் பறந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். அந்தக் கூடத்தில் முதல் விசேஷமே அவருடைய ஒரே மகள் முப்பிடாதியின் கல்யாணம்.

மாப்பிள்ளை வடகரை கொம்பையாவின் மகன். அங்கேதான் வில்லங்கம் வந்தது.

தாலி மாப்பிள்ளை வீட்டுக் கரையில் கட்டுவதுதான் அந்த ஊர் வழக்கம். ஐப்பசி மழையில் வடகரையில் பந்தல் நிற்காது, அதனால் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உச்சிமாகாளி சொல்லிப்பார்த்தார். கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தூணுக்கு மரம் நாங்க தந்தோம். கூடம் உங்க கரையில. இப்ப தாலியும் உங்க கரையிலயா? நடக்காது வே. கல்யாணமே நின்னாலும் சரி!"

தென்கரை ஆட்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நின்னா நிக்கட்டும்" என்று யாரோ ஒருத்தன் கத்தினான். அவனுக்கென்ன, அவன் வீட்டுப் பெண்ணா? முப்பிடாதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உச்சிமாகாளி தலையைப் பிடித்தபடி இசக்கியிடம் வந்தார்.

"தாயி, பிள்ளை ரெண்டு நாளா வாயில பருக்கை வைக்கல. நான் என்ன செய்யட்டும்?"

இசக்கி கொட்டாப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முளை அடிக்கிற மரச்சுத்தியல் அது.

"எதுக்கு?"

"முளையைத் தட்டி எடுங்க. கூடத்தைக் கழட்டி அந்தக் கரைக்குக் கொண்டுபோயிருவோம்."

"கூடத்தையா?"

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குல்லா."

உச்சிமாகாளி கொட்டாப்புளியைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது.

"தாயி, ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னார். அவள் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கடப்பாரை எடுங்க அண்ணாச்சி."

"நானேயா?"

"போட்டது நீங்கதான?"

அன்றைக்கு ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் போட்ட கான்கிரீட்டைத் தானே உடைத்தார். வியர்வை ஊற்றுகிறது, அது அசைவேனா என்கிறது.

"என் ஆயுசுலயே நான் போட்ட நல்ல கான்கிரீட் இதுதான் தாயி. ஜல்லியைக் கழுவிக் கழுவில்லா போட்டேன்!" அவர் அழுகிற மாதிரி சொன்னதைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. அந்தச் சிரிப்பில்தான் முதல்முறையாக இரண்டு கரையும் சேர்ந்துகொண்டது. மூச்சு வாங்கி அவர் உட்கார்ந்ததும் கடப்பாரையைப் பிடித்தவர் யார் என்கிறீர்கள்? சம்பந்தி கொம்பையா.

"தள்ளும் வே. உம்ம கையால கல்யாணத் தேதிக்குள்ள முடியாது."

மற்றத் தூண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. ஒன்றின் கால் மட்டும் தண்ணீர் கோத்துக் கறுத்திருந்தது. உச்சிமாகாளி அதைத் தடவிப் பார்த்தார்.

"பலத்துக்குத்தான தாயி போட்டேன்?"

"மரத்துக்குக் கால் நனைஞ்சா தப்பில்ல அண்ணாச்சி. நனைஞ்ச கால் காயணும். நீங்க பூட்ஸ் போட்டுவிட்டுட்டீங்க."

கறுத்த நுனியை அறுத்தெறிந்தாள். அந்தத் தூணுக்கு மட்டும் அடிக்கல்லை ஒரு பிடி உயர்த்தச் சொன்னாள்.

பிறகு முளைகளைத் தட்டத் தட்டக் கூடம் துண்டு துண்டாகக் கழன்று இறங்கியது. ஓடையில் பெண்கள் வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றினார்கள். "மெதுவா பிடிடீ, சம்பந்தம் உடைஞ்சாலும் ஓடு உடையக் கூடாது" என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்து இரண்டு ஓடு உடைந்தே போயிற்று. வேப்ப உத்தரத்தை ஒரு பக்கம் தென்கரையும் மறுபக்கம் வடகரையும் தோள்கொடுத்துத் தூக்கின. வடகரைக் களத்தில் அதே தூண், அதே உத்தரம், அதே முளை. கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடம் எழும்பி நின்றது.

மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. முப்பிடாதி கழுத்தில் தாலி ஏறியது. கொம்பையா தன் கையாலேயே தென்கரைப் பந்திக்குப் பாயசம் ஊற்றினார்.

பந்தி முடிந்ததும் இசக்கி பார்த்தாள். உச்சிமாகாளி ஒரு தூணில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டாப்புளி காலடியில் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி. ஒரே பிள்ளை. அவளும் ஓடை தாண்டிட்டா, நான் கட்டின கூடமும் ஓடை தாண்டிட்டு. வீட்டுக்குப் போனா வெறிச்சுன்னுல்லா இருக்கும். இனி எங்க கரையில என்ன இருக்கு, சொல்லு."

இசக்கி குனிந்து கொட்டாப்புளியை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"உங்க ஊர்ல தலைப்பேறு எந்தக் கரையில?"

"இது என்ன கேள்வி? அது பொண்ணு வீட்டுலதான்."

"பிள்ளைக்குப் பேர் விடுறது?"

"அதுவும் அங்கதான்."

கொட்டாப்புளியை அவர் கையில் வைத்தாள்.

"அப்ப இதைக் கண்ட இடத்துல போட்டுராதீங்க அண்ணாச்சி. தொட்டில் கட்ட உத்தரம் வேணும்லா."