ஒரே பாதையில் மூன்று நடை

கொல்லிமலைக்கு ஞாயிறுதோறும் நடக்க வருகிற பட்டணத்துக் கூட்டம் ஒன்று. சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று பாதை வைத்திருந்தார்கள். கூட்டத்தின் தலைவர் தணிகாசலம் கடினத்தைத் தவிர வேறெதிலும் கால் வைக்கமாட்டார். வழிகாட்டி மலைக்காரி மாதம்மா.

ஒரு வாரம் மழையில் இரண்டு பாதை சரிந்துபோய், சுலபமானது மட்டும் மிஞ்சியது.

"வயசானவங்களோட நான் நடக்கிறதா? இந்த ஒரே பாதையில மூணு நடையும் காட்டு. முடியலேன்னா அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கிறோம்," என்றார் தலைவர்.

"ஆகட்டுங்க சார்," என்றாள் மாதம்மா.

வயசானவர்களைக் கைவீசி நடக்கச் சொன்னாள். நடுத்தரக்காரர்களிடம் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொடுத்தாள். வாராவாரம் தான் சுமக்கிற மதியச் சோற்று அண்டாவைச் சும்மாடு கூட்டித் தலைவர் தலையில் ஏற்றினாள்.

"இதாங்க சார் கடினம்."

அத்தனை பேர் பார்க்க மறுக்கவா முடியும்? முதல் வளைவில் வேர்த்தார். இரண்டாவதில் கழுத்து நடுங்கியது. மூன்றாவதில் அண்டாவை இறக்கிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தே விட்டார்.

"என்ன தலைவரே, சுலபமான பாதைதானே?" என்று கேட்டபடி வயசானவர்கள் கடந்து போனார்கள்.

மாதம்மா அண்டாவைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"இதைத் தூக்கிக்கிட்டு எப்படிம்மா எங்களுக்கு முன்னால நடக்கிற?" தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

"எப்பவும் இடுப்புல பிள்ளையும் இருக்குங்க சார். இன்னைக்கு அவங்கப்பா வெச்சிருக்கார். வெறும் அண்டாதானுங்களே, சுலபந்தான்."

அடுத்த வாரமும் முன்னால் நடந்தது மாதம்மாதான், கைவீசிக்கொண்டு. பின்னால் இரண்டு பேர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். அதன் ஒரு காதைத் தணிகாசலம் பிடித்திருந்தார்.