வாயடைத்த சர்வர்

"மிஷின் செத்துப்போச்சு, டீச்சர்."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது முத்தரசி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஆற்றங்கரையில் ஐந்து நீரேற்று நிலையங்கள். ஐந்திலும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முத்தரசியிடம்தான் பாடம் கேட்டார்கள். அதனால் எல்லாருக்கும் அவர் டீச்சர். அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இந்த நிலையத்து சர்வர் ஆவுடையப்பன் பொறுப்பு. அவருக்கு ஐம்பத்தொன்று. டீச்சர் என்ற சொல் அவர் தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் வெளியே வரும்.

சர்வர் என்கிற அந்தக் கணினி இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதற்குத் திரை கிடையாது. முதுகில் ஒரு கேபிள் தொங்கும். அதை லேப்டாப்பில் செருகினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். நாம் சொல்வதை அதில்தான் அடிக்க வேண்டும். அது சொல்லும் பதிலும் அதில்தான் வரும்.

காலை பத்து மணியிலிருந்து பதில் இல்லை.

"எப்படிச் செத்துச்சு?"

"எதை அடிச்சாலும் ஒரு எழுத்து விழ மாட்டேங்கு. நான் அடிக்கிற எழுத்தே வரல."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார்.

"தரை அதிருதே, அது என்ன அண்ணாச்சி?"

"மோட்டார். ஊருக்குத் தண்ணி ஏத்துது."

"அதை ஓட்டுறது யாரு?"

ஆவுடையப்பன் அலமாரியைப் பார்த்தார். மோட்டாரை ஓட்டுவது அந்த சர்வர்தான்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஜன்னலோட செட்டிங்கைக் காட்டுங்க. வேகம் என்ன வச்சிருக்கிய?"

"நீங்க சொன்ன தொண்ணூத்தாறு நூறுதான். வேகம் தப்புன்னா குப்பை எழுத்தா வரும்னு சொன்னிய. எனக்குக் குப்பைகூட வரலியே."

"கேபிள்?"

"புதுசு மாத்திட்டேன்."

"ஜன்னலை மூடித் திறந்தியளா?"

"ஆறு தடவை. லேப்டாப்பையே ஒருக்க அணைச்சுப் போட்டேன்."

டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அதைத்தான் சொல்லுதேன். இந்தப் பக்கம் ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பக்கம்தான்."

"அந்தப் பக்கம் யாரு போனா?"

"அமலி. காலையில தரை துடைச்சா. மாப்புக் கம்பு கேபிள்ல இடிச்சிருக்கு. மாடியில இன்ஜினியர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

வரும்போதே டீச்சர் அவளைப் பார்த்திருந்தார். அமலோற்பவம் என்று பெயர். எல்லாரும் அமலி என்பார்கள். வாசல் படியில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை, அதற்காகத்தான் இருந்தாள்.

டீச்சர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் கதவை ஒட்டி நின்றாள்.

"கேபிள்ல இடிச்சியா, அமலி?"

"இடிச்ச ஞாபகம் இல்ல, டீச்சர்."

சொல்லிவிட்டு ஆவுடையப்பனைப் பார்த்தாள். உடனே குரல் இறங்கிவிட்டது.

"ஆனா அண்ணாச்சி சொல்லுதாங்கன்னா இடிச்சிருப்பேன். அவங்க படிச்சவங்க. எனக்கு என்ன தெரியும்."

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். அவளே ஒத்துக்கொண்டாள் என்று அப்போது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

டீச்சர் லேப்டாப்பில் வேறொரு ஜன்னலைத் திறந்தார். கடிதம் அடிக்கிற ஜன்னல்.

"எழுதிக் குடுத்ததை இதுல இன்னொரு தடவை அடிங்க, அண்ணாச்சி."

"இப்ப எதுக்கு?"

"அடிங்க. உங்க வழக்கப்படியே அடிங்க."

பத்திரம் எழுதுகிற ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் அடித்த கை. விசைகள் படபடவென்று இறங்கின. மேற்படி துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவினால், என்று ஆரம்பித்து ஓடியது. அமலி மூன்றடி தள்ளி நிற்பது அவருக்கு முதுகில் தெரிந்தது. இன்னும் வேகமாக அடித்தார்.

டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை.

"கிட்ட வா, அமலி. அண்ணாச்சி கையைப் பாரு."

"என்ன பாக்கணும், டீச்சர்?"

"உனக்குத் தெரியறதைப் பாரு."

அமலி குனிந்து பார்த்தாள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவாளே, அந்தப் பார்வை.

"இடது கைச் சுண்டுவிரல் அப்பப்ப மூலைக்கு ஓடுது. கூடவே இன்னொரு விரல் ஒரு எழுத்தைத் தட்டுது. பெறகு ரெண்டும் பழைய இடத்துக்கு வந்துருது."

"எத்தனை தடவை?"

"ஏழு."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார்.

"அது சேமிப்பு. கண்ட்ரோலும் எஸ்ஸும். ஒருக்க கரண்டு போயி நாப்பது பக்கம் கிரயப் பத்திரம் போச்சு எனக்கு. அன்னையிலேருந்து ரெண்டு வரிக்கு ஒருக்க சேமிச்சிருவேன். கை தானாப் போகும், என்னைக் கேக்காது."

"கறுப்பு ஜன்னல்லயும் போகுமா?"

சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

"அங்க அது சேமிப்பு இல்ல, அண்ணாச்சி. போன சனிக்கிழமை வகுப்புல சொன்னேன்."

போன சனிக்கிழமை அவர் பின் வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தப் பெண் நமக்கு என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது என்று நினைத்தது, நினைத்த மாதிரியே இப்போது ஞாபகம் வந்தது.

"அங்க அதுக்கு, நான் சொல்லுற வரைக்கும் பேசாதன்னு அர்த்தம். நீங்க சொன்னிய. அது பேசல."

காது மடல் சுட்டது ஆவுடையப்பனுக்கு.

"மறுபடி பேசச் சொல்லணும்னா?"

"கண்ட்ரோலும் க்யூவும். நீங்களே அடிங்க."

கறுப்பு ஜன்னலுக்கு வந்தார். விரலைக் கொண்டுபோனார். விரல் விசையைத் தொடாமல் மேலேயே நின்றது.

"டீச்சர், இவ்வளவு நேரமா நான் அடிச்சதெல்லாம்..."

"அது வாயைத்தான் மூடிக்கிட்டு இருந்துச்சு. காதை மூடல. எல்லாம் வரிசையில நிக்கும். வரும்."

ஆவுடையப்பன் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார்.

"அமலி கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

"அவ மேல எழுதுனதை அவளை வச்சுக்கிட்டுத்தானே இப்ப அடிச்சிய."

ஆவுடையப்பன் மூடியை நிமிர்த்தி, இரண்டு விசையையும் சேர்த்து அடித்தார்.

அணை திறந்த மாதிரி எழுத்து கொட்டியது.

முதலில் முறையான கட்டளைகள், அதற்கான பதில்கள். இன்று என்ன தேதி, எந்த மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர். எல்லாவற்றுக்கும் சர்வர் ஒழுங்காகப் பதில் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தது, அவர் பொறுமை போன பிறகு அடித்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இருபத்திரண்டு வருஷமாக மனசில் ஓடுவதெல்லாம் விரலில் ஓடிப் பழகியவர். யாரும் படிக்கப் போவதில்லை என்று அடித்தது.

செவிட்டுப் பொணமே, பேசு.

அதன் கீழே சர்வரின் பதில்: அப்படி ஒரு கட்டளை இல்லை.

நேத்து வந்த பொண்ணுகிட்ட எல்லாம் கைகட்டி நிக்க வேண்டியிருக்கு.

அப்படி ஒரு கட்டளை இல்லை.

டீச்சர் படித்தார். படித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆவுடையப்பனுக்கு அது திட்டியதை விட மோசமாக இருந்தது.

அமலி ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். அவர் கடைசியாக அடித்திருந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது என் பேருல்லா."

விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினாள்.

"அமலி... மேல... போட்டு... ருவேன்."

வாசித்து முடித்துவிட்டு, ஒரு கஷ்டமான கணக்கைப் போட்டு முடித்தவள் போல நிமிர்ந்தாள். பிறகுதான் அவள் முகம் மெல்ல மாறியது.

"எதை அண்ணாச்சி என் மேல போட்டுருவிய?"

தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த அதிர்வு நின்றால் நன்றாக இருக்கும், ஊரே தண்ணீர் இல்லை என்று ஓடி வந்தால் நன்றாக இருக்கும், இந்த இரண்டு பேரின் கண்ணும் வேறு பக்கம் போகும் என்று ஆவுடையப்பனுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்துக் கூசியது.

"டீச்சர், இதை அழிச்சிரலாமா?"

"அழிக்கலாம். ஒரு கட்டளைதான், உங்களுக்கே தெரியும்."

அவர் கை போகும் என்று டீச்சர் காத்திருந்தார். போகவில்லை.

"மாடியில இன்ஜினியர் மேசையில இருக்கிற காகிதத்தை அழிக்க எந்தக் கட்டளை, டீச்சர்?"

"அது நான் நடத்துன பாடத்துல இல்ல, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். லேப்டாப் பக்கம் போகாமல் பேனாவால் எழுதினார். மேற்படி என்று தொடங்கி, கோடு போட்டு அடித்தார். மறுபடி தொடங்கினார். காலையில் எழுதியது பதினாலு வரி, கால் மணி நேரத்தில் முடிந்தது. இது ஒரே வரி, அதைவிட நேரம் பிடித்தது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு படியேறினார்.

நாலாவது படியில் நின்றுவிட்டார். கீழே திரும்பிப் பார்த்தார், ஆனால் அமலியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டார்.

"நீயும் வாம்மா."

"நான் எதுக்கு, அண்ணாச்சி?"

"தனியாப் போனா மாத்திச் சொல்லிருவேன்."