தமிழ் தெரிஞ்ச காவல்காரன்

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அவன் அப்பாவைச் சொந்தச் சித்தப்பாவே கொன்னுட்டான். அதனால உள்ளூர் ஆளு யாரு மேலயும் ராஜாவுக்கு நம்பிக்கை இல்லை. கடலுக்கு அந்தாண்டை யவன தேசத்துல இருந்து ஒரு சிப்பாயைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினான். அவனுக்கு நம்ம பாஷை தெரியக் கூடாது, தெரிஞ்சா அன்னிக்கே தனியா கப்பல் ஏத்திடணும்னு சட்டம். பேசத் தெரியாதவன்கிட்ட யாரு போய் ரகசியம் கேப்பா? ம் சொல்லு.

ம்.

முடி செம்பட்டையா இருக்கும், அதனால செம்பட்டையன்னு கூப்பிடுவாங்க. அப்புறம் அவன் ஒரு மீன்காரியைக் கட்டிக்கிட்டான். கல்யாணத்துக்குப் பாஷை எதுக்கு, கைஜாடை போதாதா? பவளம்னு ஒரு பொண்ணு பொறந்துச்சு. அது மழலை பேசப் பேச, அப்பனுக்கும் தமிழ் வந்துடுச்சு. பிள்ளை பேசும்போது காதைப் பொத்திக்கவா முடியும்? ஆனா வீட்டுக்குள்ள மட்டும்தான் பேசுவான். தெருவுல அது "அப்பா"ன்னா திரும்ப மாட்டான். மனசு கிடந்து அடிச்சுக்கும்.

அப்போ ராஜாவுக்கு, இவனுக்கு நம்ம பாஷை வந்துடுச்சோன்னு சந்தேகம் வந்துச்சு. மெதுவா, "காலுக்குக் கீழ பாம்பு"ன்னான். செம்பட்டையன் அசையலை. இன்னொரு நாள், "உன் வீடு தீப்பிடிச்சு எரியுது"ன்னான். ஈட்டி பிடிச்ச கை வேர்த்துச்சு, கால் நகரலை.

மூணாவதா வந்தது சோதனை இல்லைடா தங்கம், நிஜம். மத்தியானம் மந்திரியும் சமையக்காரனும் அவன் முன்னாடியே நின்னு பேசினாங்க.

"பால்ல விஷம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஒரு நாழிகை தாங்க மாட்டார்."

அப்புறம் ராஜா கிண்ணத்தை எடுத்தான். செம்பட்டையன் ஈட்டியால ஒரு தட்டு. டணார்! பால் கொட்டிப் போச்சு. மந்திரி சிரிச்சுக்கிட்டே, "கை தவறிடுச்சு, பாவம்"னு இன்னொரு கிண்ணம் ஊத்திக் குடுத்தான். அப்போ செம்பட்டையன் பவளத்தை நினைச்சான். பேசினா அவளை விட்டுப் போகணும். பேசலைன்னா ராஜா செத்துடுவான்.

"குடிக்காதீங்க ராஜா, விஷம்."

மந்திரி மூஞ்சி வெளுத்துப் போச்சு. ராஜா நன்றியா சொன்னான்? பயந்து போய், "இத்தனை வருஷமா என்னென்ன கேட்டிருப்பே?"ன்னான். மந்திரியைச் சிறையில போட்டான், இவனைக் கப்பல்ல ஏத்தினான்.

கரையில பவளம் கூப்பிட வாயெடுத்தா. அப்புறம் வெளியிடமாச்சேன்னு தானே வாயைப் பொத்திக்கிட்டா. அப்போ அவன் ஊரே கேக்கறாப்புல, "பவளம், கண்ணு, அப்பாவைப் பாரு"ன்னு கத்தினான். வெளியில அவன் மகளோட பேசினது அந்த ஒரு தடவைதான்.

ராஜாவா? புதுசா ஒரு காவல்காரன் வந்தான். அவனுக்குச் சத்தியமா ஒரு வார்த்தை தெரியாது. அடுத்த மந்திரி பால் கொண்டு வந்தப்போ அவன் சும்மா நின்னான்.

கப்பலும் போயாச்சு, கதையும் போயாச்சு. கண்ணை மூடு.